பகலை விற்றுவிடாதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். கோவையில் பம்ப் கம்பெனியில் 8 வருஷம் மெக்கானிக்கல் என்ஜினியர். கனடாவுக்கு பிஆர் (நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி) வந்துவிட்டது, மனைவி குழந்தையோடு டொரண்டோ வருகிறீர்கள். படிப்புக்கும் மனசுக்கும் பொருந்துகிற வேலை கிடைக்குமா, இல்லை வந்ததும் வேர்ஹவுஸில் பெட்டி தூக்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கூடவே எந்த ஏரியாவில் வீடு பார்ப்பது, எந்தப் பள்ளி, குளிருக்கு என்ன வாங்கி வருவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசி மூன்றையும் முதலிலேயே முடித்துவிடுகிறேன். ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்குங்கள், நம் ஊரில் விற்பது ஊட்டிக்குத்தான் சரி. அரசுப் பள்ளியை உங்கள் வீட்டு முகவரியே முடிவு செய்துவிடும். வீடு பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். மற்றதெல்லாம் வந்த ஒரு மாதத்தில் தானாகப் புரிந்துவிடும். வேலை விஷயம் அப்படி இல்லை.

பெட்டி தூக்கலாமா என்று இங்கே யாரிடம் கேட்டாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுவார்கள். "கிடைச்ச வேலையில உடனே சேர், அதுதான் கனடா அனுபவம்" என்பது ஒரு கட்சி. "அதுல போய்ச் சிக்கினா வெளியே வர முடியாது, கையில இருக்கிற பணத்தை வெச்சு ஓட்டு, உன் லைன் வேலை வரட்டும்" என்பது இன்னொன்று. இரண்டையும் நம்பாதீர்கள். வாடகை கட்டுவதற்காகப் பெட்டி தூக்குவதில் ஒரு குறைச்சலும் கிடையாது. டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2025 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டாலர் ஆனது, அதை வைத்து ஒரு பேஸ்மென்ட்டில் (வீட்டின் கீழ்த்தளத்தில்) குடும்பத்தை இழுத்துக்கொண்டு போகலாம், கஷ்டப்பட்டுத்தான். ஆனால் எந்த ஷிஃப்டில் தூக்குகிறீர்கள் என்று யாருமே கேட்பதில்லை. என் கணக்கில் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

பகல் ஷிஃப்ட் காலை 7 மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடியும். ஃபோன் லாக்கரில் இருக்கும். உங்கள் ரெஸ்யூமேயைப் பார்த்த எச்ஆர் பெண்மணி காலை பத்தரைக்குக் கூப்பிடுவார், வாய்ஸ்மெயிலில் போகும். நீங்கள் நாலு மணிக்குத் திருப்பிக் கூப்பிட்டால் அவர் கிளம்பியிருப்பார். இன்டர்வியூ வந்தாலும் அதற்கு லீவு போட வேண்டும். தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் டெம்ப் ஏஜென்சி மூலம் போன ஆள் இரண்டு தடவை லீவு போட்டால் மூன்றாவது தடவை கூப்பிடவே மாட்டார்கள். அப்புறம் ஓவர்டைம். வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு கூலி, சனிக்கிழமையும் வா என்பார்கள். அந்தப் பணத்தில் கார் வரும், கார் வந்தால் லோன் வரும், பிறகு டவுன் பேமென்ட் ஆசை வரும். அப்படியே பத்து வருஷம் போய்விடும். இந்த ஊரில் கோழி வெட்டும் ஆலையில் நின்ற பல் டாக்டரையும், பேக்கிங் லைனில் நின்ற சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்டையும் எனக்குத் தெரியும். இருவரும் என்னைவிடப் புத்திசாலிகள், பகல் நேரம்தான் அவர்கள் கையில் இல்லை.

நான் 2006-ல் வந்தேன். கோவையில் கணபதி பக்கம் ஒரு ஃபவுண்ட்ரியை ஒட்டிய மெஷின் ஷாப்பில் புரொடக்ஷன் சூப்பர்வைசராக இருந்தவன். இங்கே பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் ஒரு ஆலையில் இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணி வரை என்று கேட்டு வாங்கினேன். ஏஜென்சிக்காரருக்கு ஒரே சந்தோஷம், ராத்திரி ஷிஃப்டுக்கு ஆளே கிடைக்காது. ஷிஃப்ட் முடிந்ததும் நேராக நூலகம், மத்தியானம் தூக்கம். உடம்பு கெட்டது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலை 9 மணியிலிருந்து 12 மணி வரை என் ஃபோன் என் கையில் இருந்தது.

அப்போது நான் இருந்தது டொரண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் பேஸ்மென்ட். அந்த அண்ணன் 80-களின் கடைசியில் அகதியாக வந்தவர், பல வருஷம் ரெஸ்டாரன்ட் கிச்சனில் பாத்திரம் கழுவி வீடு வாங்கியவர். "வேலை கிடைச்ச பிறகு வாடகையைப் பாப்பம், தம்பி" என்று சொன்ன ஒரே மனிதர். படிப்பு, அனுபவத்துக்குப் பாயின்ட்ஸ் கணக்குப் போட்டு பிஆர் வாங்கி, கையில் சேமிப்போடு வந்த நம் ஆட்களில் ஒருத்தர்கூட எனக்கு அப்படிச் சொன்னதில்லை. "அங்கே நல்லாத்தானே இருந்தீங்க, ஏன் வந்தீங்க?" என்பார்கள். பொங்கல் விழாவில் பார்த்தால் எல்லாரும் 'ஐடி-ல இருக்கேன்'தான். எந்த ஐடி, எந்தக் கம்பெனி என்று கேட்டால் காபி எடுக்கப் போய்விடுவார்கள். இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். ஒருவர் உண்மையைச் சொல்லியிருந்தால் அடுத்து வந்த பத்துப் பேருக்கு வழி தெரிந்திருக்கும்.

இனி எச்சரிக்கைகள். வேலை வாங்கித் தருகிறேன், 500 டாலர் கொடு என்று யார் கேட்டாலும், அவர் தமிழரே ஆனாலும், கோயிலில் பார்த்தவரே ஆனாலும் கொடுக்காதீர்கள். ஒன்டாரியோவில் டெம்ப் ஏஜென்சி வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கவே கூடாது. 2024 ஜூலை 1 முதல் அவர்களுக்கு லைசென்ஸும் கட்டாயம், யாரிடம் இருக்கிறது என்று அரசு இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு வாரம் டிரெய்னிங், அதற்குச் சம்பளம் கிடையாது என்றால் அது சட்டவிரோதம். கணக்கில் காட்டாமல் கையில் காசு கொடுக்கும் கேஷ் வேலைக்கும் போகாதீர்கள். பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) இல்லாத வேலையை நாளைக்கு நீங்கள் செய்ததாகவே காட்ட முடியாது. வீடு வாடகைக்கு எடுக்கக்கூட அந்தச் சீட்டைத்தான் கேட்பார்கள். சின் நம்பரை (வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் எண்) வேலைக்கு எடுத்த பிறகுதான் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள் என்றால் அங்கே ஏதோ சரியில்லை.

ரெஸ்யூமேயில் ஃபோட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், கல்யாணம் ஆனதா, பாஸ்போர்ட் நம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்று இடம், தேதி போட்டுக் கையெழுத்திடுவோமே, அதையும்தான். இரண்டு பக்கம் போதும். ரெஃபரன்ஸ் என்று போடுகிற பெயர்களை இங்கே உண்மையிலேயே கூப்பிட்டு விசாரிப்பார்கள். என் பழைய மேனேஜருக்கு நள்ளிரவில் ஃபோன் போய், கனடாவில் நான் ஏதோ வழக்கில் மாட்டிக்கொண்டேன் என்று பயந்து போனார் மனுஷன். கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் வித்தியாசம் என்று உங்கள் ஆளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

என்ஜினியர் என்ற பட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒன்டாரியோவில் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள மாகாணத்தில் என்ஜினியர்களுக்கு உரிமம் தரும் பிஇஓ அமைப்பின் லைசென்ஸ் வேண்டும். அதற்கு 48 மாத அனுபவமும் தேர்வுகளும் உண்டு. அதில் 12 மாதம் கனடாவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2023 மே மாதம் எடுத்துவிட்டார்கள், எங்கள் காலத்தில் அந்த ஒன்றே பலரை முடக்கிப் போட்டது. விண்ணப்பியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஃபேக்டரிகளில் பாதி வேலைகளுக்கு அது தேவையே இல்லை. அது வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். ஒரு படி கீழே பாருங்கள்: குவாலிட்டி இன்ஸ்பெக்டர், கேட் (CAD) டிராஃப்டிங், அதாவது கம்ப்யூட்டரில் டிராயிங் போடுவது, எஸ்டிமேட்டர், டெக்னீஷியன். நம் ஆட்களுக்கு இந்தப் பெயர்களைக் கேட்டாலே முகம் சுருங்கும். ஊரில் எனக்குக் கீழே 20 பேர் இருந்தார்கள் என்பார்கள். இருந்தார்கள் ஐயா, இப்போது இல்லை.

'கனடா அனுபவம்' என்ற பூதத்துக்கு வருகிறேன். ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013-லேயே அதைக் கேட்பது பாகுபாடு என்று கொள்கை வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல் 25 பேருக்கு மேற்பட்ட, சரியாகச் சொன்னால் 25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் அதைக் கேட்கவே கூடாது, சம்பள வரம்பையும் போட்டாக வேண்டும், இன்டர்வியூ செய்தவருக்கு 45 நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நல்ல சட்டம். ஆனால் விளம்பரத்திலிருந்து எடுக்கத்தான் சட்டத்தால் முடியும், இன்டர்வியூ எடுப்பவர் மண்டையிலிருந்து எடுக்க முடியாது. அவருக்கு உங்கள் காலேஜும் தெரியாது, கம்பெனியும் தெரியாது. உங்களைத் தெரிந்த ஒரு ஆள் உள்ளே இருந்தால் அந்தப் பேச்சே எழாது.

அதனால்தான் ராத்திரி உட்கார்ந்து ஆன்லைனில் நூறு இடத்துக்கு விண்ணப்பம் தட்டுவதை நான் வேலை தேடுவதாகவே கணக்கில் எடுப்பதில்லை. கிணற்றில் கல் போட்ட கதைதான். அதற்குப் பதிலாக உங்கள் தொழில்காரர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று பாருங்கள். எனக்கு அது குவாலிட்டிக்காரர்களின் ஏஎஸ்க்யூ சங்கத்தின் டொரண்டோ கிளையாக அமைந்தது. பிளாஸ்டிக் ஆலையில் இரவு இன்ஸ்பெக்டராக இருந்த ஒரு டிரினிடாட்காரர் கூட்டிப் போனார். ஸ்கிராப் தொட்டியில் ஏன் ஒரே அச்சின் பாகங்கள் மட்டும் விழுகின்றன என்று நான் ஒருநாள் அவரிடம் கேட்டதில் தொடங்கிய பழக்கம் அது. போய் வேலை கேட்காதீர்கள். அவர்கள் என்ன மெஷின் வைத்திருக்கிறார்கள், என்ன தொந்தரவு என்று கேளுங்கள். வெள்ளைக்காரனும் சரி, சீனாக்காரனும் சரி, தன் மெஷினைப் பற்றிக் கேட்டால் நிறுத்தாமல் பேசுவான். புதிதாக வந்தவர்களுக்கு வேலை தேட உதவும் டிரையெக் அமைப்பின் வழிகாட்டித் திட்டம் நடக்கிறதா என்று பாருங்கள், உங்கள் துறையிலேயே இருக்கும் ஒருவரோடு இலவசமாகச் சேர்த்து வைப்பார்கள். வேலை தேட உதவும் ஆக்சஸ் எம்ப்ளாய்மென்ட் போன்ற இடங்களிலும் காசு வாங்குவதில்லை. மத்திய அரசுப் பணத்தில் நடக்கும், புதிதாக வந்தவர்களுக்கான குடியமர்வுச் சேவைகள் குடியுரிமை வாங்கிய பிறகு கிடைக்காது, அதனால் பிஆர் இருக்கும்போதே போய்விடுங்கள்.

அந்த டிரினிடாட்காரர் சொல்லித்தான் டொரண்டோவை ஒட்டிய வான் (Vaughan) நகரில் கார் பாகங்கள் கடையும் ஒரு ஷாப்புக்குப் போனேன். விளம்பரமே வராத வேலை. மேனேஜர் என் ரெஸ்யூமேயைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எண்ணெய் வழிகிற ஒரு ஸ்டீல் புஷ் (குழாய் மாதிரி ஒரு சின்னப் பாகம்), ஒரு டிராயிங், ஒரு மைக்ரோமீட்டர் மூன்றையும் முன்னால் தள்ளினார். வெளி விட்டம் என்ன, சொல் என்றார். எல்லாம் அங்குலக் கணக்கு. நான் புஷ்ஷைத் துடைத்தேன். மைக்ரோமீட்டரின் இரண்டு முகங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைத் தாளை லேசாகப் பிடித்து இழுத்தேன், தாளில் கறுப்பாக அழுக்கு வந்தது. மூடி ஜீரோ பார்த்தேன், ஒரு கோடு தள்ளி நின்றது. அதைச் சொன்னேன். அப்புறம் ஒரு இடத்தில் அளந்து, அப்படியே 90 டிகிரி திருப்பி அளந்து, உருண்டையாக இல்லை, ஓவல் ஆகியிருக்கிறது, கடையும்போது ரொம்ப இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள் போல என்றேன். அவர் சிரித்துவிட்டு எப்போது வருகிறாய் என்றார். கணபதியில் கிழவர் ஒருவர் தலையில் தட்டிச் சொல்லிக்கொடுத்த பழக்கம் அந்தத் தாள் இழுப்பு. கனடா அனுபவம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

2009-ல் ஜிஎம், கிரைஸ்லர் இரண்டும் திவாலானபோது எங்கள் ஷாப்பில் மூன்று ஷிஃப்ட் ஒன்றானது. அந்த ஒரு ஷிஃப்டில் நான் இருந்தேன், பாகங்களை நுணுக்கமாக அளக்கும் சிஎம்எம் மெஷினை ஓட்டத் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை என்பதால். மனசுக்குப் பிடித்த வேலை என்று கேட்டீர்களே, ஊரில் சூப்பர்வைசராக இருந்தபோது தினமும் டார்கெட்டுக்காக ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அளக்கிற வேலை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று இன்ஸ்பெக்டராக இறங்கிய பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் சம்பளத்தில் என்னைவிட மேலே போன நண்பர்கள் இருக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று விட்டுப்போச்சு. நல்ல மெஷின் ஷாப்புகள் எல்லாம் பஸ் சரியாகப் போகாத இடங்களில்தான் இருக்கின்றன. பனியில் முக்கால் மணி நேரம் ஸ்டாப்பில் நின்ற காலமெல்லாம் உங்களுக்கு வேண்டாம். கிளம்புவதற்கு முன்னால் நம் ஆர்டிஓ ஆபீஸில் உங்கள் லைசென்ஸ் எப்போது எடுத்தது, எத்தனை வருஷம் செல்லுபடியாக இருந்தது என்று கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டிய அனுபவத்தை அதை வைத்துக் காட்டினால் இங்கே ஜி டெஸ்டுக்கு (முழு லைசென்ஸுக்கான ஓட்டுநர் தேர்வு) வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. சீல் தெளிவாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள், இங்கே வந்த பிறகு அதற்காக அலைவது பெரிய பாடு.