பண்டைய கொரிய நாடான சில்லாவின் மன்னர் முன்முவுக்குக் கடலில் கல்லறை ஏன்?

தம் எலும்புகளும் நாட்டைக் காக்க வேண்டும் என்று அவர் விரும்பியதே காரணம் என்கிறது கொரிய மரபு.

முன்மு 661 முதல் 681 வரை ஆண்டார். பட்டத்துக்கு வருமுன்பே, 660இல், தாங் வம்சம் ஆண்ட சீனத்தின் துணையோடு அண்டைக் கொரிய நாடான பெக்சேயை வீழ்த்திய போரில் பங்கேற்றவர். 668இல் வடக்கே இருந்த இன்னொரு கொரிய நாடான கோகுரியோவும் விழுந்தது. ஆனால் துணைக்கு வந்த தாங், கொரியாவையே விழுங்கப் பார்த்தது. தோழமை நாடு என்று தயங்காமல் அதை எதிர்த்து நின்றதைத்தான் அவருடைய ஆகப்பெரிய துணிச்சலாக நான் கருதுகிறேன். 676இல் தாங் படைகள் பின்வாங்கின. இன்றைய வட கொரியாவில் ஓடும் தெடோங் ஆற்றுக்கு வடக்கே இருந்த கோகுரியோ நிலத்தில் பெரும்பகுதி கைக்கு வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெரிய மண்மேட்டுக் கல்லறைகளால் மக்களுக்கு வீண்பாடுதான் என்று கருதி, தம் உடலை எரிக்கச் சொன்னார். சில்லாவின் தலைநகரான கியோங்ஜுவுக்குக் கிழக்கே, கரையிலிருந்து சுமார் 200 மீட்டர் தள்ளி, அலை மோதும் பாறைக்கூட்டம் ஒன்று இருக்கிறது. நடுவே நீர் தேங்கிய பள்ளம். அதில் நீருக்கடியில் ஒரு பெரிய தட்டைக்கல். அவரை அடக்கம் செய்த இடம் அதுதான் என்பது மரபு. கடல் நாகமாகி ஜப்பானியக் கொள்ளையரைத் தடுப்பேன் என்றாராம்.

மகன் சின்முன் 682இல் அருகிலேயே கமுன்சா கோயிலைக் கட்டி முடித்தார். அதன் மண்டபத் தரைக்கடியில் வெற்றிடம் விட்டிருக்கிறார்கள், நாகமான தந்தை வந்துபோவதற்காக. அந்தக் கல்தளம் இன்றும் இருக்கிறது.