தை மாதத்துக்குள் லாசிக் செய்துவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். வலக்கண்ணில் மைனஸ் 6.5, இடக்கண்ணில் மைனஸ் 7 பவர். சோடாபுட்டிக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு இரண்டு வரன்கள் தட்டிப்போயின. கண்ணாடி தேவைப்படாமல் இருக்க லேசரால் செய்யும் லாசிக் சிகிச்சையைத் தை மாதத்துக்குள் செய்துவிட நினைக்கிறோம். லேசர் கண்ணைச் சுட்டுவிடாதா? பிற்காலத்தில் பிரசவத்தில் சிக்கல் வருமா? பவர் திரும்பி வருமா? மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லித்தான் ஆகவேண்டுமா? அவள் சில மாதங்களாக முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். — ஒரு தாய், விருதுநகர்

பதில்: போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அந்த முகப்பரு மாத்திரையிலிருந்தே தொடங்குகிறேன். அட்டையில் ஐசோட்ரெட்டினாயின் என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், தை மாதக் கெடுவை இப்போதே மறந்துவிடுங்கள். இமை ஓரத்தில் இருக்கும் நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளை அந்த மருந்து வற்றச் செய்யும். கண்ணீர் நிலைக்காமல் கண் உலரும். லாசிக் சிகிச்சையும் சில மாதங்களுக்குக் கண்ணை உலர வைக்கக்கூடியது. இரண்டும் சேர்ந்தால் எரிச்சலும் மங்கலும் நெடுநாள் நீடிக்கும். மாத்திரையை நிறுத்தி ஆறு மாதங்களாவது கழித்துச் செய்வதே பொதுவான வழக்கம். எப்போது நிறுத்தலாம் என்பதைத் தோல் மருத்துவரிடம் கேட்கட்டும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடு என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்த மருந்து கருவைக் கடுமையாகப் பாதிக்கும். சாப்பிடும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கவே கூடாது.

அடுத்து, உங்கள் மகளுக்கு லாசிக் பொருந்துமா? கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. விளம்பரத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. எந்த இயந்திரம், எத்தனையாவது தலைமுறை என்று விசாரிப்பவர்கள் அதிகம். என் கருவிழியின் தடிமன் எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு. கேட்கவேண்டியது அதைத்தான்.

கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் தெளிவான கருவிழிப் படலத்தின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான் தடிமன் கொண்டது, அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். லாசிக்கில் முதலில் சுமார் 110 மைக்ரான் தடிமனில் ஒரு மேல் மடிப்பை உருவாக்கித் திறப்போம். அதன் அடியிலுள்ள திசுவை, ஒவ்வொரு பவருக்கும் ஏறத்தாழ 14 மைக்ரான் வீதம் லேசரால் நீக்குவோம். மைனஸ் 7 என்றால் கிட்டத்தட்ட 100 மைக்ரான். 540-இலிருந்து இந்த இரண்டையும் கழித்தால் 330 மிஞ்சும், கவலையில்லை. அதே பவர், ஆனால் கருவிழி 480 மைக்ரான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது 270. குறைந்தது 250 இருக்கவேண்டும் என்பது பழைய விதி, அதன்படி இது தேறிவிடும். ஆனால் மொத்தத் தடிமனில் 40 சதவீதத்துக்கு மேல் கை வைத்திருப்போம். நான் அந்தக் கண்ணுக்கு லாசிக் செய்யமாட்டேன். மெலிந்த கருவிழி கண்ணின் உள் அழுத்தத்தைத் தாங்காமல் மெல்ல முன்னே புடைத்துக்கொண்டு வரும், பார்வை கோணலாகும், அதைச் சரிசெய்வது மைனஸ் பவரைச் சரிசெய்வதைவிடப் பல மடங்கு கடினம்.

தடிமன் போதுமானதாக இருந்தாலும் கருவிழியின் வடிவத்தை வரைபடமாக எடுத்துப் பார்க்கவேண்டும். கூம்புக் கருவிழி நோயின் தொடக்கநிலை அதில்தான் தெரியும். ஒவ்வாமையால் சிறுவயது முதல் கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் இந்த நோயை அதிகம் பார்க்கிறோம். மகளிடம் கேளுங்கள், கசக்குவாளா என்று. காண்டாக்ட் லென்ஸ் அணிபவள் என்றால் பரிசோதனைக்கு முன் மென்லென்ஸை இரண்டு வாரமாவது நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் லென்ஸ் அழுத்திய வடிவத்தைத்தான் அளப்போம். மூன்று ஆண்டுக் கண்ணாடிச் சீட்டுகளையும் தேடி எடுத்து வையுங்கள். கடைசி ஓராண்டில் அரைப் பவருக்கு மேல் மாறியிருந்தால் காத்திருப்பதே நல்லது.

லாசிக் பொருந்தவில்லை என்றால் வேறு வழியே இல்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். மடிப்பு இல்லாமல் சிறு துளை வழியே திசுவை எடுக்கும் ஸ்மைல் இருக்கிறது. மேற்புறத் தோலை மட்டும் அகற்றிச் செய்யும் பி.ஆர்.கே. இருக்கிறது, அதில் முதல் சில நாட்கள் வலி கூடுதல். இவை இரண்டுமே திசுவைக் குறைப்பவைதான் என்பதால், கருவிழி மிக மெல்லியதாக இருந்தால் கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் ஐ.சி.எல். பற்றிப் பேசுவோம்.

சுட்டுவிடாதா என்று கேட்டீர்கள். திசுவை நீக்கும் எக்சைமர் லேசர், 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி. அது மூலக்கூறுகளின் பிணைப்பை உடைத்துத் திசுவை ஆவியாக்கும். பக்கத்துத் திசுவுக்குச் சூடு பரவாது. 1981-இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் இந்தத் தன்மையைக் கண்டறிந்த மூவரில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசன். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில் லேசரைப் பாய்ச்சி, விளிம்பு கருகாமல் வெட்டுப்பட்டதைப் பார்த்தார்கள். சிகிச்சையின்போது கருகல் வாடை போன்ற ஒன்று வரும்; அது ஆவியாகும் திசுவின் வாடை, கண் சுடுவதல்ல. மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பயந்துவிடப் போகிறாள்.

மற்றபடி ஊசி கிடையாது. சொட்டு மருந்தில் கண் மரத்துவிடும். கண்ணைப் பிடித்து நிறுத்தும் சில வினாடிகளில் அழுத்தம் தெரியும், பார்வை இருண்டு மீளும். அன்று மாலைவரை எரிச்சலும் நீர் வடிதலும் இருக்கும். மறுநாளே பெரும்பாலானோர் கண்ணாடியின்றிப் பார்க்கிறார்கள். அந்த உற்சாகத்தில்தான் தவறுகள் நடக்கின்றன. ஒரு வாரம் தலைக்கு ஊற்றும்போது கண்ணில் தண்ணீர் படக்கூடாது. கண்ணுக்கு மை, எண்ணெய்க் குளியல் இரண்டும் இரண்டு வாரத்துக்காவது வேண்டாம். கண் குளிரட்டும் என்று பாட்டி விளக்கெண்ணெயோ தாய்ப்பாலோ விட வந்தால் அன்போடு தடுத்துவிடுங்கள். கிருமித் தொற்றுதான் இந்தச் சிகிச்சையில் நாங்கள் மிகவும் அஞ்சுவது. அது அரிது, ஆனால் வந்தால் பார்வையையே பறிக்கக்கூடும். இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதும் கண் உலர்வதும் பலருக்குச் சில மாதங்களில் குறையும், சிலருக்கு நீடிக்கும். நாள் முழுக்கத் திரையைப் பார்க்கும் வேலை என்பதால் உங்கள் மகளுக்கு உலர்வுப் பரிசோதனை கட்டாயம். முகூர்த்தத்துக்கும் சிகிச்சைக்கும் நடுவே இரண்டு மூன்று மாத இடைவெளி விடுங்கள். ஓமப் புகையும் கல்யாண ஒப்பனையும் புதிதாக ஆறிய கண்ணுக்கு ஆகாதவை.

பிரசவத்துக்கும் லாசிக்குக்கும் தொடர்பில்லை. அதிக மைனஸ் பவர் என்பதற்காக மட்டும் சிசேரியன் செய்யவேண்டியதும் இல்லை. கர்ப்ப காலத்திலும் பாலூட்டும்போதும் பவர் சற்று மாறக்கூடும் என்பதால் அப்போது லாசிக் செய்வதில்லை, அவ்வளவுதான்.

பவர் கொஞ்சம் திரும்புவது உண்டு. தொடக்கத்தில் பவர் அதிகம் இருந்தவர்களுக்கு வாய்ப்பும் அதிகம். கருவிழியில் தடிமன் மிச்சமிருந்தால் மறுமுறை திருத்தலாம். நாற்பதைத் தாண்டும்போது எல்லோருக்கும் வரும் வாசிப்புக் கண்ணாடி இவளுக்கும் வரும்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லுங்கள் என்பேன். லாசிக் கருவிழியை மட்டுமே மாற்றுகிறது. மைனஸ் பவருக்குக் காரணமாக நீண்டுபோன கண் அப்படியே நீண்டிருக்கும், பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் அப்படியே இருக்கும். விழித்திரை மெலிந்து கிழியும் அபாயமும் குறையாது. கண்ணாடி போனபின்னும் ஆண்டுக்கொரு முறை கண் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கவேண்டும். கணவர் வீட்டுக்குத் தெரியாமல் இதை எத்தனை வருடம் செய்வாள்? அதற்கெல்லாம் முன்பு, கண்ணாடியோடு இருக்க அவளுக்கே விருப்பமா இல்லையா என்று தனியாக அவளிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது மட்டும் இல்லை.

செய்வது என்று முடிவானால், சிகிச்சைக்கு முந்தைய எல்லா அளவுகளையும் மருத்துவமனையில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அறுபது வயதில் புரை விழும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைச் சரியாகக் கணக்கிட அந்த எண்கள் உதவும். தாளில் ஒன்று, கைப்பேசியில் ஒரு படம் என இரண்டும் இருக்கட்டும்.