லேப்டாப் டிவிடி டிரைவ் எந்த டிஸ்க்கையும் படிக்கவில்லை. புதிதாக மாற்றித்தான் ஆக வேண்டுமா?

டிஸ்க் போட்டால் சர்ரென்று சுற்றி நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது, கடைசியில் டிஸ்க்கே இல்லை என்று காட்டுகிறது, கடையில் புது டிரைவ் போடச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். லேப்டாப் ஏழெட்டு வருடம் பழையது, டிரைவைத் திறந்தே பல மாதம் ஆகியிருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அப்படியானால் முதல் சந்தேகம் லென்ஸில் படிந்த தூசி.

மேசைக் கணினியின் டிரைவில் லென்ஸ் உள்ளேயே இருக்கும், தட்டு மட்டும் வெளியே வரும். லேப்டாப்பில் தட்டோடு மோட்டாரும் லென்ஸும் சேர்ந்தே வெளியே வருகின்றன. திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் லென்ஸ் வீட்டுத் தூசிக்கு நேராக நிற்கிறது. டிஸ்க்கை எடுத்ததும் தட்டை மூடிவிடுங்கள். பராமரிப்பில் பாதி இதுதான்.

சுத்தம் செய்ய லேப்டாப்பை முழுதாக அணையுங்கள். ஸ்லீப் போதாது. சார்ஜரையும் பிடுங்கிவிடுங்கள். தட்டின் முகப்பில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஜெம் கிளிப்பை நிமிர்த்தி அதில் நேராக நுழைத்து அழுத்தினால் தட்டு கொஞ்சம் வெளியே துள்ளும். மீதியைக் கையால் மெதுவாக இழுங்கள். நடுவில் டிஸ்க் உட்காரும் குமிழ், அதன் பக்கத்தில் நீலச் சாயல் அடிக்கும் சின்னக் கண்ணாடிப் பொட்டு. அதுதான் லென்ஸ். கேமராவுக்கு விற்கும் ரப்பர் ஊதுபந்தால் நாலைந்து முறை காற்றடியுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி ஒட்டும்.

அது போதாவிட்டால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காது பட்ஸின் நுனியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, லென்ஸை ஒத்தி எடுங்கள். லென்ஸ் முடி போன்ற மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. தொட்டால் அமுங்கி எழும்பும், அது இயல்பு. தேய்த்து அழுத்தினால் கம்பி வளைந்து டிரைவ் போய்விடும். ஐந்து நிமிடம் காயவிட்டு மூடுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் கூடவே கூடாது, அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக் லென்ஸை மங்கடித்துவிடும். கை கழுவும் சானிடைசரும் வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் படலமாகத் தங்கும். லென்ஸைத் தொடவே கூடாது என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். எப்படியும் தூக்கிப் போடப்போகிற டிரைவில் இதை முயன்று பார்ப்பதில் என்ன நஷ்டம்? அடியில் பிரஷ் ஒட்டிய கிளீனர் டிஸ்க்கைத்தான் நான் பரிந்துரைக்க மாட்டேன். சுற்றுகிற வேகத்தில் அந்தப் பிரஷ் லென்ஸில் மோதுகிறது.

சுத்தம் செய்தபின் கம்பெனியில் அச்சான சிடி ஒன்றையும் டிவிடி ஒன்றையும் போட்டுப் பாருங்கள். சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர், டிவிடியை 650. இரண்டில் ஒன்று மட்டும் தொடர்ந்து ஓடாவிட்டால் அதற்குரிய லேசர் தளர்ந்திருக்கும். அதற்கு வைத்தியம் இல்லை. இரண்டுமே ஓடி, வீட்டில் எழுதிய டிஸ்க் மட்டும் திணறினால் அந்த டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். எழுதிய டிஸ்க்கின் சாய அடுக்கு வெயிலிலும் சூட்டிலும் கெடும்.

டிஸ்க்கை வைக்கும் முறையும் முக்கியம். குமிழில் ஸ்பிரிங் வைத்த சின்னப் பிடிகள் இருக்கின்றன. ஒரு கையால் தட்டை அடியில் தாங்கிக்கொண்டு, டிஸ்க்கின் நடு வளையத்தை டக்கென்று கேட்கும்வரை அழுத்துங்கள். சும்மா மேலே வைத்து மூடினால் டிஸ்க் ஆடி, வட்டமாகக் கீறல் விழும். எடுக்கும்போது கட்டைவிரலால் குமிழை அழுத்திக்கொண்டு விளிம்பைத் தூக்குங்கள். பாட்டு சிடி ஓடும் சாதாரண வேகத்தைப்போல் 24 மடங்கு வேகத்தில் சிடியைப் படிக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 5000 சுற்று. அந்த நேரத்தில் லேப்டாப்பை மடியிலிருந்து மேசைக்கு மாற்றாதீர்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்யாண டிவிடியின் மேல் மணமக்கள் படத்தைக் காகித ஸ்டிக்கராக ஒட்டித் தரும் பழக்கத்தை ஸ்டுடியோக்காரர்கள் தயவுசெய்து விட வேண்டும். ஸ்டிக்கர் இம்மி விலகி ஒட்டினாலும் டிஸ்க் ஒரு பக்கம் கனத்து அதிரும். லேப்டாப் டிரைவின் மொத்த உயரமே 9.5 அல்லது 12.7 மில்லிமீட்டர். சூட்டில் ஸ்டிக்கரின் ஓரம் எழும்பினால் உள்ளே சிக்கிக்கொள்ளும். உரிக்கவும் முடியாது. சிடியில் தகவல் அடுக்கு மேல்பக்க வார்னிஷுக்கு நேர் கீழே இருப்பதால் ஸ்டிக்கரோடு அதுவும் பிய்ந்து வரும். டிவிடியில் அது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டுக்கு நடுவில் இருப்பதால் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் உரிக்கும்போது டிஸ்க் வளையும். டிஸ்க்கின் மேலேயே நேரடியாக அச்சடிக்க வெள்ளைப் பூச்சுள்ள டிஸ்க்குகள் கடையில் கிடைக்கின்றன. ஒரு குடும்பம் ஆயுசுக்கும் பார்க்கப்போகிற படத்துக்கு அந்தச் சின்னச் செலவைச் செய்யக்கூடாதா?

அழுக்கான டிஸ்க்கை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப் விட்டுக் கழுவி, மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடும். படிக்க முடியாத சின்னச் சின்ன இடங்களை டிரைவ் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும், ஆனால் அத்தனை நீளச் சேதத்தை அதனால் ஈடுகட்ட முடியாது.

டிரைவ் உயிர்பெற்று டிஸ்க் ஓடினால், அன்றைக்கே எல்லா டிஸ்க்கையும் ஹார்ட் டிஸ்க்கில் ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பில் அடக்கிய நகலாக, எடுத்து வையுங்கள். ஓரடுக்கு டிவிடிக்கு 4.7 ஜிபி, ஈரடுக்குக்கு 8.5 ஜிபி இடம் வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிவிடி படம் ஓட்டும் மென்பொருள் கூடவே வராது. விஎல்சி என்ற படம் ஓட்டும் மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். படம் ஓடவில்லை என்று டிரைவைக் குறை சொல்பவர்களில் பலருக்கு இதுதான் சிக்கல்.

எதுவும் பலிக்காவிட்டால் யூஎஸ்பி வெளி டிரைவ் வாங்குங்கள். யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லிஆம்பியர்தான். எழுதும்போது பல டிரைவ்களுக்கு அது பற்றாது, பாதியில் நின்று டிஸ்க் வீணாகும். இரண்டு தலையுள்ள கேபிள் கூட வந்தால் இரண்டையும் சொருகுங்கள். உள்ளேயே மாற்றுவதானால் பழைய டிரைவின் உயரத்தை அளந்து அதே உயரத்தில் வாங்குங்கள். பேட்டரியைக் கழற்றியபின் அடியில் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்க்ரூ, பக்கவாட்டில் இழுத்தால் டிரைவ் வந்துவிடும். பழையதன் முகப்பு மூடியையும் பின் தகட்டையும் கழற்றிப் புதியதில் மாட்ட மறக்காதீர்கள், அவை அந்தந்த மாடலுக்கென்றே செய்தவை.