மலிவுக் கட்டண விமான நிறுவனங்களால் நூற்றுக்கணக்கான விமானங்களை உண்மையிலேயே வாங்க முடியுமா?

முடியும், ஆனால் முழுத் தொகையும் கையில் இருப்பதால் அல்ல. செய்திகளில் வரும் பிரம்மாண்டமான தொகை பெரும்பாலும் பட்டியல் விலையை, அதாவது தயாரிப்பாளர் அறிவிக்கும் விலையை, விமான எண்ணிக்கையால் பெருக்கிக் கிடைப்பது. மொத்தமாக வாங்குவோருக்குப் பெரும் தள்ளுபடி உண்டு என்பதால் அதை நான் பொருட்படுத்துவதில்லை. ஒப்பந்தத்தின்போது சிறு முன்பணமும், விமானம் கைக்கு வரும் நாள் நெருங்க நெருங்கத் தவணைகளும் செலுத்தப்படுகின்றன.

மீதித் தொகைக்கு வழி, விற்றுத் திரும்பக் குத்தகைக்கு எடுக்கும் முறை. தள்ளுபடியில் பெற்ற விமானத்தை, அது கைக்கு வரும் நாளிலேயே குத்தகை நிறுவனத்துக்குச் சந்தை விலையில் விற்றுவிட்டு, மாத வாடகைக்கு அதையே இயக்குவார்கள். விலை வித்தியாசம் உடனடி ரொக்கமாகிறது. ஆனால் வாடகை டாலரில், டிக்கெட் வருமானமோ உள்ளூர் நாணயத்தில் என்பதால், நாணய மதிப்பு சரிந்தால் சுமை கூடும்.

இண்டிகோ, 2006-இல் பறக்கத் தொடங்குவதற்கு முன்பே, 2005-இல் 100 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து, 2014-க்குள் அனைத்தையும் பெற்றது. 2023-இல் மேலும் 500 கேட்டது. மாறாக, 2012-இல் 222 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்த நார்வேயின் மலிவுக் கட்டண நிறுவனமான நார்வீஜியன், கடன் சுமையோடு கொரோனாவும் சேர்ந்துகொள்ள, 2020-இல் 97 போயிங் விமானங்களுக்கான ஆர்டரை ரத்து செய்தது.

இப்போது பணத்தைவிடத் தொழிற்சாலையே பெரிய தடை என்பது என் கணிப்பு. பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் எஞ்சின் பாகங்களைச் செய்யப் பயன்பட்ட உலோகத் தூளில் குறைபாடு இருந்தது 2023-இல் தெரியவந்த பின், வாங்கிய விமானங்களே பரிசோதனைக்காகத் தரையில் நின்றன.