காய்ச்சலே இல்லை, எலிக்காய்ச்சல் மட்டும் 'பாசிட்டிவ்'

கேள்வி: மகன் வளைகுடா வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு லேபில் எல்லா டெஸ்ட்டும் எடுத்தோம். எலிக்காய்ச்சலுக்கான 'ஐஜிஎம்' என்ற ரத்த டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. காய்ச்சலோ உடம்பு வலியோ அவனுக்கு இல்லை. டெஸ்ட் 95 சதவீதம் சரி என்கிறது லேப்; டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். யாரை நம்புவது? (வாசகி, குலசேகரம்)

பதில்: இருவரையும் நம்பலாம். நோய் இல்லாத 100 பேரில் 95 பேருக்கு நெகட்டிவ் காட்டும் என்பதுதான் அந்த 95. பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க 95 சதவீத வாய்ப்பு என்று அர்த்தம் இல்லை. டாக்டர்களே சில நேரம் சறுக்கும் இடம் இது.

ஒரு கணக்குப் போடுவோம். நோயுள்ள 100 பேரில் 90 பேரை இந்த டெஸ்ட் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் காய்ச்சலோடு வரும் 1000 பேரில் 200 பேருக்கு எலிக்காய்ச்சல் என்றால், சரியான பாசிட்டிவ் 180, பொய் பாசிட்டிவ் 40. ஐந்தில் நான்கு நிஜம். காய்ச்சல் இல்லாத 1000 பேரில் 10 பேருக்குத்தான் நோய் என்றால், சரியானது 9, பொய் கிட்டத்தட்ட 50. ஆறில் ஒன்றுகூடத் தேறாது! குளச்சல் மீனவரிடம் கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவார்: வலை அதேதான், மீன்பாடு இல்லாத நாளில் சொறியும் (ஜெல்லிமீன்) பாசியும்தான் ஏறும்.

இன்னொன்று. ஐஜிஎம் என்பது கிருமி அல்ல, அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள்; எதிர்த்ததன் தடயம். நோய் போன பிறகும் மாதக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். கால் புண்ணோடு வயலிலோ ஓடையிலோ இறங்கினாரா, சில மாதம் முன்பு காய்ச்சல் வந்து போனதா என்று மகனிடம் கேளுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் இரண்டு வாரம் இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து, எதிர்ப்பொருள் அளவு நான்கு மடங்கு ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். நீங்களாகக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

அப்புறம், மழைக்காலத்தில் இதே கணக்கு தலைகீழாகக் கடிக்கும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு எல்லாம் இருந்து மூன்றாம் நாள் டெஸ்ட் நெகட்டிவ் என்றால் நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் சில நாளில் ஐஜிஎம் தலைகாட்டாது. அப்போது டாக்டர் ரிசல்ட்டுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கினால், அது சரியான முடிவுதான்.