டிரிகரை அழுத்தியும் தோட்டா வெடிக்காவிட்டால் என்ன செய்வது?

கோலாலம்பூரில் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார்.

முதலில், பதற்றப்பட்டு எதுவும் செய்யாதீர்கள். 'டிக்' என்று சத்தம் மட்டும் வந்தால், துப்பாக்கியைத் திருப்பிக் குழலுக்குள் எட்டிப் பார்க்கத்தான் கை பரபரக்கும். கூடாது. குழல் இலக்கையே பார்க்கட்டும், விரல் டிரிகரை விட்டு வெளியே வரட்டும். மனதுக்குள் 30 விநாடி எண்ணுங்கள் (60 வரை எண்ணினாலும் தப்பில்லை). பிரைமர் (தோட்டாவின் அடியில் இருக்கும், முதலில் தீப்பற்றும் சிறு பகுதி) தாமதமாகப் பற்றினால் தோட்டா சற்றுப் பொறுத்து வெடிக்கும். அப்புறம் பயிற்சியாளரைக் கூப்பிட்டு, அவர் சொல்கிறபடி அதை வெளியே எடுங்கள்.

இதைவிட எனக்குப் பயம் தருவது 'புஸ்' என்ற மெலிந்த சத்தம்தான். வெடிமருந்து இல்லாத அல்லது குறைந்துபோன தோட்டா அது. பிரைமரின் வேகம் மட்டும் குண்டைத் தள்ளி, குழலின் பாதியிலேயே நிறுத்திவிடும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழலே பிளக்கலாம். உடனே நிறுத்திவிட்டு, அதே போலக் காத்திருந்து, குழல் அடைத்திருக்கிறதா என்று பயிற்சியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, வெடிக்காத அந்தத் தோட்டா? ஞாபகத்துக்கு என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்ளாதீர்கள். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதே குற்றம்.