எலும்பு கறுத்ததற்கு உலை காரணமல்ல

வணக்கம். மூடியிட்ட பீங்கான் கிண்ணத்தில் மாட்டெலும்புத் துண்டுகளை 700 டிகிரி செல்சியஸில் சூடேற்றியபோது, மேலே இருந்தவை வெளுத்தும் அடியில் இருந்தவை கறுத்தும் வந்ததால், உலையின் வெப்பமானி பழுதோ என்று கேட்டிருந்தீர்கள். வெப்பமானியைச் சந்தேகிப்பதற்கு முன் மூடியைச் சந்தேகியுங்கள்.

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, கார்பனேட் கலந்த ஹைட்ராக்சிஅபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் கனிமம். எஞ்சியது பெரும்பாலும் கொலாஜன் புரதமும் நீரும். முதலில் நீர் வெளியேறி, சுமார் 300 டிகிரிக்கு மேல் கொலாஜன் சிதைந்து கரியாகிறது. அந்தக் கரி எரிந்து நீங்க வெப்பம் மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேண்டும். அது எட்டாத துண்டு 700 டிகிரியிலும் கறுப்பாகவே நிற்கும். சர்க்கரைக் கரைசலின் நிறம் நீக்க ஆலைகள் பயன்படுத்திய எலும்புக்கரியும் காற்று குறைந்த சூழலில் இப்படித்தான் தயாரிக்கப்பட்டது. எனவே நிறத்தை மட்டும் கொண்டு வெப்பநிலையைக் கணிக்கும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை.

வெளுத்த துண்டுகள் எளிதில் நொறுங்குவது, கனிமத்தைப் பிணைத்து நெகிழ்வு தந்த கொலாஜன் போய்விட்டதால்தான். அதே வேளையில் கார்பனேட் குறைந்து, நானோமீட்டர் அளவிலான படிகங்கள் பெரிதாக வளர்வதால், படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் (X-ray diffraction) படத்தில் அகன்று கிடந்த முகடுகள் கூர்மையடைகின்றன.

அடுத்த முறை, புகைபோக்கி உள்ள இடத்தில், மூடியின்றித் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, எடை குறைவது நிற்கும் வரை சூடேற்றுங்கள். ஆறியபின் தடித்த துண்டொன்றை உடைத்துப் பாருங்கள். வெண்ணிற ஓட்டுக்குள் சாம்பல் வளையமும் நடுவே கறுப்பும் தெரிந்தால், இன்னும் நேரம் தேவை.